அன்னைக்கு என்ன கொழம்பு

எங்க ஊசிமேட்டுக்காரங்களுக்குப் பொய் சொல்ல யாரும் கத்துக்கொடுக்க வேண்டியதில்ல, அது தாய்ப்பாலோட வந்தது. ஆனா சொன்ன பொய் மறுநாள் விடியக்காலம் நிஜமாகி, குளிச்சுத் தலை சீவி, சாட்சியையும் கூட்டிக்கிட்டு வாசல்ல வந்து நிக்கிற வித்தை, ஞானதுரை சார் எங்க கட்டிடத்து மாடியில கோல்டன் டங் ஸ்போக்கன் இங்கிலீஷ் அகாடமினு போர்டு மாட்டினதுக்குப் பிறகுதான் எங்களுக்கு வாய்ச்சது. மாடிக்குக் கீழ செராக்ஸ் கடை என்னோடது. பேரு இசக்கியம்மாள், ஊருக்குள்ள செராக்ஸக்கா. எதிர்ல ரோட்டைத் தாண்டினா வாத்து மார்க் தீப்பெட்டி ஆபீஸ். எங்க பக்கம் தீப்பெட்டிக் கம்பெனியை ஆபீஸ்னுதான் சொல்லுவோம், உள்ள கந்தகம் நாறினாலும் சொல்லுறதுக்குக் கவுரவமா இருக்குல்லா. கதை சொல்லும்போது எனக்குக் கோவம் வரும், நடுவுல நாலு பேரை வையவும் செய்வேன், பொறுத்துக்கிடுங்க.

ஞானதுரை சாருக்கு இங்கிலீஷ்ல தெரிஞ்சது ஒரே ஒரு சங்கதி. இறந்தகாலம். அதுலயும் சொன்ன பேச்சு கேக்கிற வினைச்சொற்களோட இறந்தகாலம் மட்டுந்தான். சொல்லுக்குப் பின்னால ஈ, டினு ரெண்டு எழுத்தை ஒட்டணும், ஏற்கனவே ஈயில முடிஞ்சிருந்தா டி மட்டும் போதும், சிலதுல ஒய் கிடந்தா அதைத் தூக்கிப் போட்டுட்டு ஐயை வச்சு ஒட்டணும், வாக் வாக்டு, லிவ் லிவ்டு, க்ரை க்ரைடுனு அவரு பிரம்பால மேசையைத் தட்டித் தட்டிச் சொல்ல, நாப்பது பேரு கோயில்ல பூசை வைக்கிற போத்தி சொல்லுறதைத் திருப்பிச் சொல்லுற மாதிரி சொல்லுவாக, அந்தச் சத்தம் சீலிங்கைத் தாண்டி வந்து என் மெஷின் சத்தத்தோட கலந்து காலையில பத்து மணியில இருந்து சாயங்காலம் வரைக்கும் என் காதுல விழுந்துக்கிட்டே கிடக்கும். கோ, வென்ட் மாதிரி அடங்காப்பிடாரி வினைகளைப் பத்தி யாராவது கேட்டா அதெல்லாம் ரெண்டாம் லெவல்னுடுவாரு. அவருக்கே தெரியாதுங்கிறது என் கணிப்பு.

முதல்ல பலிச்சது சுடலைமணிக்கு. டிகிரி முடிச்சு அஞ்சு வருசமா டீக்கடை பெஞ்சுல உக்காந்து பேப்பரை விளம்பரம் விடாமப் படிச்ச பையன், எந்த இன்டர்வியூக்குப் போனாலும் அனுபவம் இருக்கானு கேட்டுத் திருப்பி அனுப்பிருவானுவ. ஒரு நாள் வகுப்புல அவனை எழுப்பி வொர்க்குங்கிற சொல்லை வச்சு ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னாரு சார். "ஐ வொர்க்டு இன் பெங்களூர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்"னு சொல்லிட்டு உக்காந்தான். மறுநாள் அவன் டிரங்குப் பெட்டியில பாச்சா உருண்டை வாடையோட ஒரு ஸ்வெட்டர், போட்டோ ஒட்டின அடையாள அட்டை, சீல் வச்ச அனுபவச் சான்றிதழ், எல்லாம் இருந்துச்சு. அவங்க ஆத்தாளுக்கு அவனை அஞ்சு வருசம் பஸ் ஏத்தி விட்டு அழுத ஞாபகமும் வந்துட்டு, இத்தனை வருசத்துல ஒரு சேலை எடுத்துட்டு வந்தியாலனு அன்னைக்கே சண்டையும் போட்டா. அந்தச் சான்றிதழை லேமினேஷன் பண்ணிக் கொடுத்தது நாந்தான். ஆச்சரியமானு கேக்காதீக. எங்க ஊர்ல ஆச்சரியப்படுறதுக்கு யாருக்கு நேரம் இருக்கு, எங்க சேரணும், எத்தனை மணிக்கு வகுப்புனுதான் கேட்டாக.

அதுக்குப் பிறகு ஊரே மாடி ஏறுச்சு. ரிட்டயர்டு டிரில் மாஸ்டர் ஐ ப்ளேடு ஃபார் இந்தியானு சொன்னாரு, விடிஞ்சதும் முட்டியில தையல் தழும்பு. கவுன்சிலர் ஒரு படி மேல போயி, இறந்தகாலத்துக்கும் முந்தின இறந்தகாலத்துக்கு ஹாடுனு ஒரு சொல்லை முன்னால வைக்கணுங்கிறதைக் கேட்டுக்கிட்டு, என் தாத்தா ஹாட் ஓன்டு நாலு யானைனுட்டாரு, மறுநாள் அவரு வீட்டுப் புறவாசல்ல நாலு இரும்புச் சங்கிலி துருப்பிடிச்சுக் கிடந்துச்சு, யானைதான் பாவம் செத்துப்போச்சு, இறந்தகாலம்லா. தாசில்தார் ஆபீஸ் பியூன் ஒருத்தன் அவசரத்துல வாஸ் வொர்க்கிங்னு முடியாத காலத்துல சொல்லிட்டான், துபாய்ல அவன் பாத்த வேலை இன்னமும் முடியல, நட்டநடு ராத்திரியில எந்திரிச்சு ஷிப்டுக்கு நேரமாச்சுங்கான். தையல்கார சண்முகவடிவு மட்டும் யாருக்கும் தெரியாம வந்து, ஹி லவ்டு மீனு புருசனைப் பத்திச் சொல்லிட்டுப் போனா. மறுநாள் பீரோவுல ஒரு கட்டு கடுதாசி இருந்துச்சாம். எல்லாத்தையும் படிச்சு முடிச்சுட்டு மாவாட்டப் போயிட்டா.

இதுல ஒரு ஓட்டை இருக்குங்கிறதைக் கண்டுபிடிச்சது நாந்தான், அந்தப் பெருமையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். எங்க ஊர்ல ரெண்டு பேரு எதிரும் புதிருமா வந்தா முதக் கேள்வி என்ன கொழம்புங்கிறதுதான். கல்யாணத்துக்குப் போனவனையும் கேப்போம், ஆஸ்பத்திரியில கிடக்கிறவனையும் கேப்போம், எழவு வீட்டுக்குப் போயித் திரும்புறவனைக்கூட விடமாட்டோம். கேட்டா பதில் சொல்லாம இருக்கவும் எவனாலயும் முடியாது, வாய் தன்னால சொல்லிரும். அப்படித்தான் ஒரு நாள் சான்றிதழ் நகல் எடுக்க வந்த சுடலைமணிகிட்ட, பெங்களூர்ல முத நாள் என்ன கொழம்புலேனு சும்மா கேட்டேன். பய முழிக்கான். ஆபீஸ் இருந்த தெருவைச் சொல்லுதான், மேனேஜர் பேரைச் சொல்லுதான், கொழம்பு மட்டும் தெரியல. டிரில் மாஸ்டரைக் கேட்டேன், மேட்ச் அன்னைக்கு என்ன கொழம்பு சார்னு, அவரு தழும்பைத் தடவிக்கிட்டு நின்னாரு. இங்கிலீஷ்ல செஞ்ச ஞாபகத்துல கொழம்பு கிடையாது, மழை கிடையாது, கொசு கிடையாது. நானும் விடல, பாக்கிறவனையெல்லாம் நிறுத்தி வச்சுக் கேட்டுக் கேட்டு அவமானப்படுத்திக்கிட்டே இருந்தேன். எனக்கென்ன, நான் யோக்கியமா இருந்தேன், ஆடி மாசம் வரைக்கும்.

ஆடி ரெண்டாஞ் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வாத்து ஆபீஸ்ல மருந்து அறை பத்திக்கிட்டு. தீக்குச்சித் தலையில முக்குற மருந்தைக் கலக்குற அறை அது. உள்ள இருந்தது கொம்பையா, முப்பத்துநாலு வயசு, கையெழுத்துப் போடத் தெரியாதவன், காப்பிகூடக் குடிக்கமாட்டான், கேட்டா நாக்குக்குப் பழக்கம் கொடுத்தா அது எசமான் ஆயிரும்பான். தீ அவனைத் தொடல, புகையில போயிட்டான். அவன் பொண்டாட்டி பேச்சியம்மாளும் அங்கயே பெட்டிக்கு லேபிள் ஒட்டுறவதான், அன்னைக்குக் காய்ச்சல்ல கிடந்த மகளைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா. உடம்பைக் குளிப்பாட்டும்போது அவ அவன் கையைத்தான் பாத்துக்கிட்டே இருந்தா. ரெண்டு கை விரல் மொழியும் தோல் பிஞ்சு, எலும்பு தெரிஞ்சுச்சு. மத்த பொம்பளைக துணியைப் போட்டு மூடினாக, அவ திறந்து திறந்து பாத்தா.

விசாரணைக்கு வந்த அதிகாரி வடக்கத்திக்காரரு, தமிழ் ஒரு சொல் தெரியாது. வாத்து ஆபீஸ் மொதலாளி அருணகிரி, அகாடமிக்கு ஃபேன் வாங்கிக் கொடுத்த மாணவரு, இஸ்திரி கலையாம முன்னால வந்து நின்னு இங்கிலீஷ்ல வரிசையாச் சொன்னாரு. நான் அவனை வார்ன்டு. ஹி ஸ்மோக்டு. நிம்மதியா பீடி குடிக்கிறதுக்காக ஹி லாக்டு த டோர், அதுவும் உள்பக்கமா. எச்சரிச்சேன், புகைச்சான், பூட்டிக்கிட்டான், மூணே வாக்கியத்துல ஒரு மனுசனைக் கழுவி ஊத்திட்டாரு. பிறகு அதிகாரி தெருக்காரங்களையும் கேட்டாரு. டீக்கடைக்காரரு, சைக்கிள் கடைக்காரரு, சண்முகவடிவு, எல்லாரும் ஆளுக்கொரு வாக்கியம் சொன்னாக. நானும் சொன்னேன். ஒரே ஒரு வாக்கியம், யாருக்கும் கேடில்லாதது. ஐ க்ளோஸ்டு த ஷாப். கடையை மூடிட்டேன், வீட்டுக்குச் சாப்பிடப் போயிட்டேன். சீலிங் வழியா வந்து விழுந்த இங்கிலீஷ், ஃபீஸ் கட்டாமப் படிச்சது.

மறுநாள் எல்லாச் சாட்சியும் வந்து சேந்துட்டு. ஆபீஸ் சுவத்துல எச்சரிக்கை நோட்டீஸ் ஒட்டியிருந்துச்சு, கீழ கொம்பையாவோட கையெழுத்து, கைநாட்டு வைக்கிறவனுக்குச் செத்த பிறகு எழுத வந்துட்டு. ஆணியில தொங்கின அவன் சட்டைப் பையில ஒரு கட்டு பீடி. போட்டோவுல உதடு கறுத்துப்போச்சு. பெட்டிக்கடைக்காரனுக்கு அவன் தினம் ரெண்டு கட்டு வாங்கின ஞாபகம் வந்துட்டு. நேத்து வரைக்கும் தங்கமான பையன்னு சொன்ன வாயெல்லாம், எத்தனை தடவை சொன்னோம், கேட்டானானு சொல்ல ஆரம்பிச்சிட்டு. முப்பதாம் நாள் படையலுக்குச் செத்தவனுக்குப் பிடிச்சதை வைக்கணும்லா, அவன் சொந்தக்காரனுவளே இலையில சோத்துக்குப் பக்கத்துல பீடிக்கட்டை வச்சு, தீப்பெட்டியும் வச்சானுவ. வாத்து மார்க் தீப்பெட்டி. த்தூ, இவனுவளையெல்லாம் மனுசன்னு யாரு சொன்னா.

பேச்சி அன்னைக்குச் சாயங்காலம் என் கடைக்கு வந்து கவுண்டரைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. ஆறு வயசு மக செவ்வந்தி, அப்பா புகையை வளையம் வளையமா விடுவாகல்லம்மானு கேட்டிருக்கா. இவ பிள்ளையை அறைஞ்சிருக்கா. அறைஞ்ச பிறகு இவளுக்கே அந்த வளையம் ஞாபகம் வந்திருக்கு. தலகாணியில பீடி வாடை அடிக்குதாம், தாலி கட்டின அன்னைக்கு அவன் குனிஞ்சப்ப வாயில பீடி நாத்தம் அடிச்சதா இப்பத் தோணுதாம், அன்னைக்கு அடிச்சது மல்லிகைப்பூவும் வேர்வையுந்தான்னு நேத்து வரைக்கும் நல்லாத் தெரியுமாம்.

"செத்த மனுசனை இன்னொரு தடவை கொல்லுதாகக்கா. முத தடவை ஆபீஸ்ல வச்சு. இப்ப என் தலைக்குள்ள வச்சு. இன்னும் கொஞ்ச நாள் போனா நான் கட்டிக்கிட்டவரு யாருனு எனக்கே தெரியாமப் போயிரும்"னு சொன்னா.

எங்கிட்ட ஆறுதல் கேக்க அவ வரல. வகுப்புல சேரணும், ஃபாரம் நிரப்பிக் கொடுங்கனு கேட்டா. நிரப்பிக் கொடுத்தேன். ஞானதுரை சாருக்கு அவளைச் சேக்கப் பயம், மொதலாளி காசுல சுத்துற ஃபேனுக்குக் கீழ அவளை எப்படி உக்கார வைக்கிறதுனு யோசிச்சு, ஃபேனே இல்லாத மூலையில உக்கார வச்சாரு, பெரிய நியாயவான். ரெண்டு மாசம் வந்தா. மத்தவங்க பாட்டன் பூட்டனுக்கு அரண்மனை கட்டிக்கிட்டு இருந்தப்ப அவ ஒரே ஒரு வாக்கியத்துக்காகப் படிச்சா. நடக்கலனு சொல்லுறதுக்கு டிட் நாட்னு முன்னால வச்சு, பின்னால ஒட்டின வாலைக் கழட்டிரணும்னு சாரு சொல்லிக்கொடுத்த அன்னைக்கு எந்திரிச்சு, "ஹி டிட் நாட் ஸ்மோக்"னு சொன்னா. எனக்குக் கீழ கேட்டுச்சு, நல்லா அழுத்தந்திருத்தமாத்தான் சொன்னா. விடியக்காலம் ஓடிப்போய்ச் சட்டைப் பையில கைவிட்டிருக்கா. பீடி இருந்துச்சு. இல்லைங்கிற வாக்கியம் எதுவுமே எங்க ஊர்ல பலிக்கல, ஒரு காரியம் நடக்கலங்கிறதுக்கு எந்தச் சாட்சி கிளம்பி வரும், சொல்லுங்க.

அன்னைக்கு மத்தியானம் கடையில ஆளில்ல. ஸ்டூல்ல வந்து உக்காந்தா. அழக்கூட இல்ல, அதைப் பாக்கத்தான் எனக்குச் சகிக்கல. என் பெருமையை யாருகிட்டயாவது சொல்லணுமேங்கிற அரிப்பும் இருந்துச்சு. கொழம்புச் சங்கதியைச் சொன்னேன். கண்ணை மூடி யோசிட்டி, அவன் பீடி குடிச்சான்ல, அன்னைக்கு என்ன கொழம்புனு பாருன்னேன். கண்ணை மூடினா. புகை வளையம் விட்ட அன்னைக்கு என்ன கொழம்பு, தெரியல. தாலி கட்டும்போது நாறுனதே, அன்னைக்கு என்ன கொழம்பு, கல்யாண வீட்டுச் சாம்பார், அதுல முருங்கைக்காய் முத்தல், மாமியார் சண்டை போட்டா, அது வருது, ஆனா அதுகூட வர்ற வாடை மல்லிகைப்பூ. மக பொறந்த அன்னைக்கு, கருவாட்டுக் கொழம்பு, மழை, கூரை ஒழுகி ஏனத்தை வச்சோம், அவரு வாசல்லயே நின்னு நனைஞ்சாரு. அரிசியில கல் பொறுக்கிற மாதிரி ஒண்ணொண்ணா எடுத்துத் தள்ளிக்கிட்டே வந்தா. ஒரு மணி நேரத்துல அவ புருசன் அவளுக்கு முக்கால்வாசி திரும்பக் கிடைச்சுட்டான். முகத்துல தெளிவு வந்துச்சு. எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல.

அப்பத்தான் கண்ணைத் திறந்து என்னைப் பாத்தா.

"அக்கா, அன்னைக்கு நீங்க வீட்டுக்குச் சாப்பிடப் போயிட்டீகளே. என்ன கொழம்பு?"

வாயைத் திறந்தேன். ஷட்டரை இழுத்தது ஞாபகம் இருக்கு, பூட்டைப் போட்டது ஞாபகம் இருக்கு, தெருவுல நடந்தது, வீட்டுப் படி ஏறுனது. இலையில ஒண்ணுமில்ல. வெள்ளையா இருந்துச்சு. ஆளு வருது, எந்திரிட்டி, வேலை கிடக்குன்னேன். யாரும் வரல. அவ எந்திரிச்சா, ஸ்டூலை ஓரமா எடுத்து வச்சா, போயிட்டு வாரேங்க்கானு சொல்லிட்டுப் போனா.

கார்த்திகை மாசம் அகாடமி ஆண்டுவிழா, கல்யாண மண்டபத்துல. மருந்து அறையைப் பூசி வெள்ளையடிச்சு ஆபீஸைத் திறந்து நாலு நாள் ஆகியிருந்துச்சு. மேடையில நடுநாயகமா மொதலாளி அருணகிரி, கழுத்துல மாலை, பக்கத்துல யானைக் கவுன்சிலரு. மாணவருக ஒவ்வொருத்தரா வந்து, சிறப்பு விருந்தினரு முன்னால இறந்தகாலத்துல ஒரு வாக்கியம் சொல்லிட்டு, கைதட்டல் வாங்கிட்டு, ஒரு எவர்சில்வர் டம்ளரும் வாங்கிட்டுப் போகணும். ஒருத்தன் மலை ஏறுனேன்னான், ஒருத்தி அமைச்சரோட கை குலுக்கினேன்னா, ஊர் தட்டுன கையை நிறுத்தல. பேச்சியம்மாள்னு கூப்பிட்டதும் மண்டபம் கொஞ்சம் அடங்குச்சு. அவ கட்டியிருந்தது லேபிள் ஒட்டும்போது கட்டுற அதே சேலைதான். மைக்கைப் பிடிச்சா. "மை ஹஸ்பெண்ட் நாக்டு"னு சொன்னா, என் புருசன் தட்டுனாரு. மூச்சை இழுத்துக்கிட்டு, எங்களைப் பாத்து, "யூ ஆல் லிசன்டு"னா, நீங்க எல்லாரும் கேட்டுக்கிட்டு இருந்தீக.

இந்தத் தடவை சாட்சி மறுநாள் வரைக்கும் காத்திருக்கல. மண்டபத்துப் பெரிய வாசக்கதவு திறந்துதான் கிடந்துச்சு, ஆனா அதுல இருந்து தட்டுற சத்தம் வந்துச்சு. முதல்ல மெதுவா, வீட்டுக்கு வந்தவன் தட்டுற மாதிரி மரியாதையா. பிறகு வேகமா. பிறகு ரெண்டு கையாலயும். சன்னல் தட்டுச்சு, சமையக்கட்டுக் கதவு தட்டுச்சு, மேடைக்குப் பின்னால மணப்பொண்ணு அறைக் கதவு தட்டுச்சு. ஒருத்தரும் எந்திரிக்கல. யாரும் யாரையும் பாக்கல.

மொதலாளி எந்திரிச்சாரு, லேசுப்பட்ட ஆளா. மாலையைச் சரிபண்ணிக்கிட்டுச் சிரிச்சாரு. இது எப்படி நடக்குதுனு ஊருக்கே தெரியும், இந்தப் பிள்ளை ரெண்டு மாசம் படிச்சு ஒரு பொய்யை ஒட்டி நிஜமாக்கியிருக்கா, நாம எல்லாரும் செய்யுறதுதானே, பாவம் துக்கம், மன்னிச்சு விட்டுருவோம்னாரு. கூட்டத்துக்கு உசுரு வந்துச்சு. ஆமா ஆமா, அகாடமி வேலை, அகாடமி வேலைனு நாலா பக்கமும் தலை ஆடுச்சு. நானுந்தான் ஆட்டினேன்.

பேச்சி மைக்கை வச்சுட்டு அவரு பக்கத்துல போனா. கையெடுத்துக் கும்பிட்டா. தமிழ்லதான் கேட்டா, தெருவுல பாத்தாக் கேக்கிற மாதிரி, சாதாரணமா.

"மொதலாளி, எங்க வீட்டுக்காரரை நீங்க எச்சரிச்ச அன்னைக்கு என்ன கொழம்பு?"

அவரு கவுன்சிலரைப் பாத்தாரு, சாரைப் பாத்தாரு. கூட்டத்துல ஒருத்தன் சிரிச்சுட்டான்.

"செவ்வாய்க்கிழமை மத்தியானம், தீப்பிடிச்ச அன்னைக்கு?"

"நாட்டுக்கோழிக் கொழம்பு, மிளகு தூக்கலா"னுட்டாரு. வாய் தன்னால சொல்லிட்டு. எங்க ஊர்ல பொறந்தவன் எவனா இருந்தாலும் சொல்லியிருப்பான். சொன்ன வாயை மூடத் தெரியல அவருக்கு, நிஜமான ஞாபகம் அப்படித்தான், கொழம்புல ஒரு விரலை வச்சா இலை பூராவும் வந்துரும். ஆடி விருந்துக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்திருந்தாக, பந்தியில உக்காந்திருந்தேன், தினமும் போலத்தான் மருந்து அறையை வெளியில பூட்டிச் சாவியை இடுப்புல சொருகிட்டு வந்திருந்தேன், இல்லைனா லோடு முடியுறதுக்குள்ள டீ குடிக்கப் போயிருவானுவ, ரெண்டு பேரு சாவி கேட்டு ஓடி வந்தானுவ, விருந்தாளிக சாப்பிடும்போது இலையை விட்டு எந்திரிக்கப்படாதுல்லா, கை கழுவிட்டு வாரேன்னு சொன்னேன், ரசத்துக்குப் பிறகு பாயசம் இருந்துச்சுனு, மேடையில மாலையோட நின்னுக்கிட்டு, பக்கத்து வீட்டுக்காரன்கிட்டச் சொல்லுற மாதிரி சொல்லி முடிச்சாரு. தட்டுற சத்தம் நின்னு போச்சு.

அதுக்குப் பிறகு மண்டபத்துல கேட்டது முணுமுணுப்பு. யாரும் கேக்கல, தன்னால வந்துச்சு. டீக்கடைக்காரரு பருப்புக் கொழம்புன்னாரு. சைக்கிள் கடைக்காரரு கத்தரிக்காய்ப் புளிக்கொழம்பு, உப்புக் கம்மின்னாரு. சண்முகவடிவு மோர்க்கொழம்புனு சொல்லிட்டு முந்தானையை வாயில திணிச்சுக்கிட்டா. தெருவே வீட்லயும் கடையிலயும் உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கு, எதிர்க்கதவுல ஒருத்தன் தட்டிக்கிட்டு இருந்திருக்கான், ஒரு கடப்பாரை போதும், சைக்கிள் கடையிலயே ரெண்டு கிடந்துச்சு. மொதலாளி பூட்டு, மொதலாளிகிட்டக் கேக்காம எப்படி உடைக்கிறது, சாவிக்கு ஆள் போயிருக்குல்லா, வந்துரும். அம்புட்டுத்தான். கெட்டவனா இருந்திருந்தாக்கூட ஒரு மரியாதை, இது வெறும் பவ்யம்.

மறுநாள் அகாடமி வாசல்ல தெருவே வரிசையில நின்னுச்சு பாக்கணும். ஐ ரஷ்டு, ஐ ட்ரைடு, ஐ ஹெல்ப்டு. ஓடினேன், முயற்சி பண்ணினேன், உதவினேன். அதுக்கு அடுத்த நாள் எல்லாக் கையிலயும் தீக்காயத் தழும்பு, எல்லா வீட்டு வாசல்லயும் தண்ணி சுமந்த குடம். நான் ஒருத்தரையும் எதுவும் கேக்கல, அவங்களும் என் முகத்தைப் பாக்கல. ஞானதுரை சாரு ரெண்டாம் லெவல் படிச்சுட்டு வாரேன்னு பஸ் ஏறினவருதான். அதிகாரி திரும்ப வந்தாரு, இந்தத் தடவை தமிழ் தெரிஞ்ச ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு. மொதலாளி என்ன ஆவாருனு எனக்குத் தெரியாது, வக்கீல் இருக்காரு, வக்கீலுக்கு எல்லாக் காலமும் தெரியும்.

ஒரு வாரம் கழிச்சு பேச்சி கடைக்கு வந்தா, மகளைக் கையில பிடிச்சுக்கிட்டு. கொம்பையா போட்டோவை லேமினேஷன் போடணும்னா. வாங்கிப் பாத்தேன், உதடு அவன் உதடாட்டமே இருந்துச்சு. சட்டைப் பையில என்ன இருக்குனு கேட்டேன். ஒண்ணுமில்லக்கா, மோந்து பாத்தேன், வெறும் மருந்து வாடைதான், அவரு வாடைனு சொல்லிச் சிரிச்சா. கண்ணு நிறைஞ்சிருந்துச்சு. நான் மெஷினைச் சூடேத்தினேன், போட்டோவைப் பிளாஸ்டிக்குக்கு நடுவுல வச்சேன், அது உருளைக்குள்ள நுழைஞ்சு வெளிய வர்ற வரைக்கும் அவ கேப்பா, இப்பக் கேப்பானு என் முதுகு காத்துக்கிட்டே இருந்துச்சு. வாங்கிக்கிட்டா, சேலைத் தலைப்பால ஒரு தடவை துடைச்சா, போயிட்டு வாரேங்க்கான்னா. கேக்கவே இல்ல.

அவ கேக்கல, அதிகாரி கேக்கல, ஊர்ல ஒருத்தரும் கேக்கல, அதனால நானே சொல்லுறேன். கடையை மூடல. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுட்டு உள்ள உக்காந்து டிபன் டப்பாவைத் திறந்தேன். தட்டுற சத்தம் கேட்டுச்சு. மெஷினைப் போட்டேன், அந்தச் சத்தத்துல இது அமுங்கட்டும்னு வெறுந்தாளா ஓட விட்டேன், எழுவது எம்பது தாள் ஓடிச்சு. தட்டுறது நின்னப்ப டப்பாவும் காலி.

சுண்டவத்தக் கொழம்பு. தொட்டுக்கிட ஒரு சுட்ட அப்பளம்.